பறம்பின் கோமான் திரைக்கு வரும்போது

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில் ஒரு விழா நடந்தது. சு. வெங்கடேசன் எழுதிய 'வீரயுக நாயகன் வேள்பாரி' என்னும் புதினம் ஓரிலக்கம் படிகள் விற்றமைக்காக எடுக்கப்பெற்ற விழா அது. ஆயிரம் படி அச்சிட்டு, அதனை விற்று முடிக்கப் பத்தாண்டு காத்துக்கிடந்த தமிழ்ப் புலவர்களின் நாட்டில், ஒரு தமிழ்நூல் ஓரிலக்கம் வீடுகளுக்குள் நுழைந்தது என்றால் மகிழாதார் யார்? அவ் விழாவிலேயே திரைப்பட இயக்குநர் சங்கர், வேள்பாரியைப் படமாக்குவதே தம் இன்றைய கனவு என்று அறிவித்தார்.

அன்றுதொட்டு இளைஞரிடையே ஒரே பேச்சு. பாரியாக யார் நடிப்பார்? மூவேந்தராக யார் யார் வருவர்? எத்தனை கோடி செலவாகும்? போர்க்காட்சிகளைக் கணிப்பொறி வரைகலையால் எவ்வாறு காட்டுவர்? இவையே வினாக்கள். கபிலராக யார் நடிப்பார் என்று கேட்பாரைத்தான் காணோம்! அக் கேள்வி எழாமையே இவ்வுரைக்குக் கரணியம்.

பாரியைத் தமிழர்க்குக் காட்டிய கண் கபிலருடைய கண். புறநானூற்றின் 105ஆம் பாட்டு முதல் 120ஆம் பாட்டு வரை தொடர்ந்து வரும் பதினாறு பாட்டுகள் பாரியையும் பறம்பையும் பற்றியவை. அவற்றுள் 112ஆம் பாட்டு ஒன்று பாரிமகளிர் பாடியது. ஏனைய பதினைந்தும் கபிலர் பாடியவை. இவற்றின் பின்னும் 200, 201, 202, 236 ஆகிய எண்களில் அக்கதையின் துயரமிக்க பிற்பகுதி கிடக்கின்றது. ஏட்டுச் சுவடியில் உறங்கிய இப்பாட்டுகளை உ. வே. சாமிநாதர் 1894ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அதன் பின்னரே பாரி பள்ளிப் பாடமானான். 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடன் கிழமையிதழில் தொடர்கதையானான். மணியம் செல்வனின் தூரிகையால் முகம் பெற்றான். ஓலை, அச்சு, தொடர்கதை, இனித் திரை என்னும் இந் நெடும்பயணத்தில் ஒவ்வொரு படியிலும் பாரி சிலவற்றைப் பெற்றான், சிலவற்றை இழந்தான். திரையில் எதைப் பெறுவான், எதை இழப்பான் என்பதைப் படம் வருமுன்னரே எண்ணிப் பார்ப்பது நன்று. வந்தபின் குறை கூறுவது எளிது. அதனால் பயனொன்றும் இல்லை.

பாரி என்றவுடன் தமிழர் அனைவர்க்கும் நினைவுக்கு வருவது முல்லைக்குத் தேர் ஈந்த செய்தி. படத்திலும் அக்காட்சி உறுதியாக இடம்பெறும். ஆனால் கழகப் பாட்டுகளில் அது எவ்வளவு சுருக்கமாக வருகின்றது என்பதைப் பலர் அறியார். பாரிமகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் கபிலர் வேண்டும்போது, இவர்கள் இன்னான் மக்கள் என்று அறிமுகப்படுத்தும் இடத்தில் அச்செய்தி சில அடிகளில் வந்து போகின்றது. சிறுபாணாற்றுப்படையும் வள்ளல் எழுவரை எண்ணும் இடத்தில் அதனைச் சொல்லிச் செல்கின்றது. கபிலர் நின்று நெடுநேரம் பேசுவது தேரைப் பற்றியன்று, மலையைப் பற்றி.

109ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூவேந்தரும் பெரும்படையோடு பறம்பை வளைத்துக் கிடக்கின்றனர். கபிலர் அவர்களைப் பார்த்து, இம்மலை உங்களால் கொள்ளத்தக்க எளிமையுடையதன்று என்கிறார். ஏன்? உள்ளே வாட்படை மிகுதி என்றா சொல்கிறார்? இல்லை. உழவர் உழாமலே நான்கு விளைவுகள் அம்மலையில் உண்டு என்கிறார். மூங்கிலில் நெல் விளையும், பலா பழுக்கும், வள்ளிக்கிழங்கு கீழே இறங்கும், தேன் சொரியும். முற்றுகையிட்டுப் பசியால் பணியவைக்கலாம் என்னும் வேந்தரின் போர்க்கணக்கை, உணவுக் கணக்கால் முறியடிக்கின்றார் புலவர். பின்னர் ஒரு வழியும் கூறுகின்றார்: யாழை மீட்டிக்கொண்டு, விறலியர் பின்னே வர, ஆடிப் பாடிச் செல்லுங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே தந்துவிடுவான். இதைவிடக் கூர்மையான எள்ளல் எந்நாட்டுப் போர்ப்பாட்டில் உண்டு? முந்நூறு ஊரும் இரவலர் பெற்றுவிட்டனர், இனி எஞ்சியிருப்பது பாரியும் கபிலரும் மலையுமே என்று அடுத்த பாட்டு சொல்லும். முற்றுகையின்போது பறவைகள் தொலைவயல்களிலிருந்து நெற்கதிர் கொண்டுவந்த செய்தியை அகநானூறு பேசும். அச்சூழ்ச்சி கபிலருடையது என்றும் ஒரு பாட்டு குறிக்கும்.

இங்கே திரைப்படத்தார் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. யானைப்படையையும் தேர்ப்படையையும் கணிப்பொறியால் இலக்கக்கணக்கில் பெருக்கிக் காட்டலாம். வள்ளிக்கிழங்கையும் மூங்கில் நெல்லையும் எவ்வாறு காட்டுவது? அவற்றைக் காட்டாவிடின் மூவேந்தர் ஏன் தோற்று நின்றனர் என்பது விளங்காது. வாட்போரில் வென்ற ஆயிரம் தலைவர்களுள் ஒருவனாகப் பாரி குறுகிப் போவான். அத்தகைய தலைவர்கள் திரையில் முன்னமே மிகுதி.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இப்பாட்டுகளில் பாரி தன் வாயால் பேசுவது அரிதினும் அரிது. கபிலர் பேசுகிறார், மகளிர் பேசுகின்றனர், பாணரும் விறலியரும் ஆற்றுப்படுத்தப்படுகின்றனர். பாரி கொடுத்துக்கொண்டே இருக்கிறானன்றிப் பேசுகின்றானில்லை. 236ஆம் பாட்டில், இறந்துபோன நண்பனை நோக்கிக் கபிலர் புலம்பும்போது ஒன்றை நினைவுகூர்கின்றார். உடன் வருவேன் என்றபோது பாரி அவரை வரவிடாமல், இங்கேயே தங்கு என்னும் பொருள்பட ஒரே ஒரு சொல் சொன்னானாம். அந்த ஒரு சொல்தான் புலவரின் நெஞ்சில் கடைசிவரை தைத்துக் கிடந்தது. இத்தகைய பாரிக்குத் திரையில் மூன்று மணிநேரம் பேச உரையாடல் எழுத வேண்டும்! எழுதுவோரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

அவன் என்ன தமிழ் பேசுவான்?

தனித்தமிழ் என்றவுடனே, அது கட்சிக்காரர் பேச்சு, படம் பார்ப்பவர்க்கு விளங்காது என்று கூறுவார் உளர். பாரியைப் பொறுத்தமட்டில் இது கட்சிச் செய்தியன்று; வரலாற்றுச் செய்தி. கழகச் செய்யுளில் வடசொல் அறவே இல்லை என்று எவரும் வழக்காட வேண்டா. உள்ளவை மிகச் சில. அக்காலத்துத் தலைவன் ஒருவன் வாயில் 'சபதம்' என்னும் சொல்லை வைப்பது, அவன் கையில் கடிகாரம் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும். அவன் கூறுவது வஞ்சினம். அவன் செய்வது யுத்தமன்று, போர். அவன் மகாராசனுமல்லன், வேள். உடை வடிவமைப்பாளர் அக்கால அணிகளைத் தேடி அருங்காட்சியகம் ஏறி இறங்குகின்றார். கலை இயக்குநர் குடிசையின் கூரைக்கு எந்தப் புல் என்று கேட்கின்றார். சொல்லுக்கு மட்டும் அத்தேடல் வேண்டாவா? (புதினத்தின் பெயரிலேயே 'யுக நாயகன்' என்று இரண்டு வடசொற்கள் ஏறிக்கொண்டன. வேள்பாரி என்றாலே போதுமே! பட முதலாளிகள் செலவைக் குறைக்க விரும்பினால் பெயர்ப்பலகையிலிருந்தே தொடங்கலாம்.)

விளங்காது என்பாருக்குத் திரைப்பட வரலாறே விடை தரும். 1942இல் வெளிவந்த 'கண்ணகி' படத்திற்கு இளங்கோவன் உரையாடல் எழுதினார். அதனை அழுத்தந்திருத்தமாகப் பேசி மக்களை உருக்கிய கண்ணாம்பா தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். எழுத்தறியாத உழவரும் அத் தமிழைக் கேட்டு அழுதனர். 1952இல் 'பராசக்தி' வந்தபோது அதன் உரையாடல் இசைத்தட்டிலும் சிறுநூலிலும் விற்று, தேநீர்க்கடைதோறும் மனப்பாடமாயிற்று. பேசப்பட்ட கருத்துப் பற்றி வேறுபடுவோர் இருக்கலாம். பேசப்பட்ட மொழி விளங்கவில்லை என்று அன்று எவரும் கூறினாரில்லை. அண்மைச் சான்றும் உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படமாக்க ம. கோ. இராமச்சந்திரன் 1958இலேயே விரும்பினார்; நிறைவேறவில்லை. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 செபுத்தம்பர் 30ஆம் நாள் மணிரத்தினம் இயக்கத்தில் முதற்பகுதியும், 2023 ஏப்பிரல் 28ஆம் நாள் இரண்டாம் பகுதியும் வெளிவந்தன. கல்கியின் நடை கலவை நடை. அதனைத் தனித்தமிழார் கொண்டாடியதில்லை. எனினும் படத்திற்குச் செயமோகன் எழுதிய உரையாடல், தெருப்பேச்சினின்று விலகி எழுத்து வழக்கை ஒட்டி அமைந்தது. மக்கள் அரங்கை விட்டு ஓடிவிடவில்லை. மீண்டும் மீண்டும் வந்தனர். ஆங்கிலம் கலந்து பேசியே பழகிய இளைஞர்கள் சில நாள் வீட்டில் விளையாட்டாகவேனும் நல்ல தமிழ் பேசித் திரிந்தனர். விளையாட்டாயினும் அது நாவிற்குப் பயிற்சி.

இனிச் சொல்வது சற்றுக் கசப்பானது. சொல்லாமல் விடுவதற்கில்லை.

பாரிமகளிர் இருவர் என்பது மரபு. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் புறநானூற்றுப் பாட்டுகளில் இல்லை. பிற்கால வழக்கில் வந்து நிலைத்தவை. எங்கு வந்தவையாயினும் தமிழர் நாவில் அவை பாரிமகளிரின் பெயர்களே. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிவாசி' என்னும் படத்தில் இவ்விரு பெயர்களையும் இரண்டு பெண்களுக்கு இட்டு, அவர்கள் முகத்தில் கருமை பூசி, அவர்களைக் கண்டு நகையாடும் காட்சிகள் அமைக்கப்பட்டன. அப்படத்தை இயக்கியவர் இன்று வேள்பாரியைக் கனவு காணும் அதே சங்கர் அவர்கள்தாம்.

தந்தையை இழந்து, மலையை இழந்து, நிலவொளியில் நின்று, சென்ற திங்கள் இதே நிலவில் எல்லாம் இருந்தன, இன்று ஒன்றும் இல்லையே என்று பாடிய பெண்கள் அவர்கள். அதுபோல் இழப்பைச் சொன்ன பாட்டு மிகச் சிலவே. அவர்களுக்கு மணமகன் தேடிக் கபிலர் வாயில்தோறும் நின்றார். விச்சிக்கோன் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். ஈராயிரம் ஆண்டு கழித்து அவர்களுடைய பெயர்கள் மீண்டும் ஒரு பெண்கேட்கும் காட்சியில் வந்தன, மீண்டும் மறுக்கப்பட்டன, இம்முறை அரங்கு நிறையச் சிரிப்போடு! கரிய நிறம் சிரிப்புக்குரியதாம். மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று பாடிய மொழி தமிழ் என்பது அக்காட்சியை எழுதினாருக்குத் தெரியாதா?

ஆனால் குற்றத்தை இயக்குநர் ஒருவர் தலையிலேயே ஏற்றிவிடுவது முறையன்று. அன்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. சில அறிஞர்கள் கண்டித்து எழுதவும் செய்தனர். ஆயினும் அரங்குகளில் சிரித்தவர்கள் யார்? தமிழர்கள். அவருள் 112ஆம் பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களும் இருந்தனர். அப்பாட்டைக் கற்பித்துச் சம்பளம் வாங்கியவர்களும் இருந்தனர். பாட்டை மதிப்பெண்ணுக்குக் கற்பித்தால் பெயர் சிரிப்புக்குத்தான் பயன்படும்.

ஆகவே அதே கையாலேயே அப்பெண்கள் இருவரும் திரையில் மீண்டும் தோன்றப் போகின்றனர் என்னும் செய்தியை வெறுப்போடு பார்க்க வேண்டா. ஆவலோடும் விழிப்போடும் பார்க்க வேண்டும். அவர்களை இயல்பான கரிய அழகோடு, பாட்டுக்கட்டும் புலமையோடு நிறுத்திக் காட்டுவாராயின், 2007இன் கறை அப்பொழுது கழுவப்படும். வெளிறிய முகத்து அயல்மொழிப் பெண்களை அழைத்துவந்து, அவர்களுக்கு இரவற் குரல் கொடுத்து நிறுத்தினால், கறை இரட்டிப்பாகும். 2024ஆம் ஆண்டு செபுத்தம்பரில் இயக்குநர் ஓர் அறிக்கை விடுத்தார். உரிமை பெற்றுள்ள அப்புதினத்தின் காட்சிகள் வேறொரு படத்தின் முன்னோட்டத்தில் இசைவின்றி எடுத்தாளப்பட்டமை கண்டு மனம் நொந்ததாகக் கூறியிருந்தார். நொந்தது முறையே. புதினத்திற்கு உரிமையாளர் உளர். கபிலர் பாட்டுக்கும் பாரிமகளிர் பெயருக்கும் உரிமையாளர் யாரென்று கேட்டால், தமிழ்மக்கள் அனைவரும் என்பதன்றி வேறு விடை இல்லை. அவர்களும் மனம் நோவர்.

நூல் படமாகும்போது மொழிக்கு அடுத்தபடியாக இடம்பெயர்வது கதையின் நடுப்புள்ளி. பாவேந்தரின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி'யாகவும், நாமக்கல் இராமலிங்கனாரின் 'மலைக்கள்ளன்' 1954இலும், கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968இலும், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய 'உதிரிப்பூக்கள்' 1979இலும் வந்தன. (பாவேந்தர் தம் 'பாண்டியன் பரிசு' பாவியத்தைப் படமாக்கச் சென்னைக்கு வந்து அரும்பாடுபட்டார், 1964இல் மறையும்வரை அது கைகூடவே இல்லை. அந்த நூலும் இன்னும் காத்துக்கிடக்கின்றது என்பதைக் கனவு காணும் இயக்குநர்கள் யாரேனும் குறித்துக்கொள்க.) அண்மையில் வந்தவற்றுள் பூமணியின் 'வெக்கை' நல்ல எடுத்துக்காட்டு. 1982இல் வெளிவந்த அப்புதினத்தின் நடுவில் நிற்பவன் சிறுவன் சிதம்பரம். அவன் கண்வழியே கரிசற்காடும் பனையும் ஓடையும் பகையும் தெரியும். 2019இல் வெற்றிமாறன் அதனை 'அசுரன்' ஆக்கியபோது தந்தை நடுவே வந்துவிட்டான், மகன் ஓரமானான். பெயர்பெற்ற நடிகர் தந்தை வேடம் பூண்டார். ஆதலின் கதையும் அவரைச் சுற்றிச் சுழன்றது. படம் நல்ல படம். நூல் வேறு நூல்.

அதே வெற்றிமாறன் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லைப் படமாக்குவதாக 2020ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது. நடிகர் சூரியா நடிப்பதாக இருந்தது. ஆண்டுகள் ஓடின; 2025இலும் அது தள்ளிப்போயிற்று. 1959இல் வெளிவந்த, நூறு பக்கத்தை எட்டாத அச்சிறு நூலில் ஒரே ஒரு பிற்பகல்தான் கதை. தந்தையைக் கொன்ற காரி என்னும் காளையை அணைய வருகிறான் பிச்சி. அணைந்தும் விடுகிறான். தம் காளை தோற்றதைப் பொறாத சமீன்தார் அதனைச் சுட்டுக் கொல்கிறார். அந்நூலின் தலைவன் யார்? பிச்சியா, காரியா? படித்து முடித்தபின் நெஞ்சில் நிற்பது காரியே. பெருநடிகர் ஒருவர் பிச்சியாக வரும்போது, காளைக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவர்தம் சுவைஞர் கூட்டம் இசையுமா? படம் என்று வந்தாலும் இவ்வினா அதற்காகக் காத்திருக்கும்.

அந்நூலின் மொழி பற்றியும் ஒன்று. அது மதுரைப் பக்கத்து ஊர்ப்பேச்சு. தனித்தமிழார்க்கு ஊர்ப்பேச்சு ஆகாது என்று சிலர் எண்ணுகின்றனர், இது பெரும்பிழை. அவ்வூர் மக்கள் மாட்டை 'அடக்குவது' என்று சொல்வதில்லை, 'அணைவது' என்பர். கலித்தொகையின் முல்லைப் பாட்டுகளில் ஆயர் மகன் ஏறு தழுவினான். அணைதல் வேறு, தழுவுதல் வேறா? ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பொருளை, கலித்தொகையைக் கண்ணாலும் காணாத ஒரு நாட்டுப்புறத்தான் தன் வாயில் காத்து வைத்திருக்கின்றான். நகரத்துச் செய்தித்தாள்தான் 'அடக்குதல்' என்னும் சொல்லைக் கொண்டுவந்து புகுத்தியது. படத்தில் 'மாடு அணையறது' என்று ஒருவன் சொல்லக் கேட்டால் தமிழ்ப்புலவன் எழுந்து கைதட்டலாம். மலைமக்களான பாரியின் குடிகளுக்கு உரையாடல் எழுதுவாரும், அகரமுதலியோடு நில்லாமல், மலையடி ஊர்களில் சென்று காதைத் தீட்டிக்கொண்டு சில திங்கள் தங்கினால் நல்லது.

தொலைக்காட்சியைப் பற்றி மிகச் சொல்ல வேண்டியதில்லை. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சிமலர்' முன்பு தூர்தர்சனில் தொடராக வந்து, வீடுதோறும் அரவிந்தனையும் பூரணியையும் கொண்டு சேர்த்தது. பெரும்புதினங்களுக்குத் தொடரே ஏற்ற வடிவம். இரு தொகுதிகளாக விரியும் வேள்பாரியை மூன்று மணிநேரத்தில் அடைப்பது, பறம்பை ஒரு பானைக்குள் அடைப்பது போலாகும். இணையவழித் தொடர்கள் பெருகிவரும் இக்காலத்தில், கழக இலக்கியத்தை ஆறு ஆறு மணிநேரத் தொடர்களாக எடுக்கப் பொருள்வளம் உடைய தமிழர் எவரேனும் முன்வரலாம்.

சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரியை அடுத்து நிற்கும் பிரான்மலையே பறம்பு என்று மரபு கூறும். திருக்கொடுங்குன்றம் என்று சம்பந்தர் பாடிய ஊரும் அதுவே. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கே சென்று வாருங்கள். படம் எடுத்தபின் அங்கே கூட்டம் நெருக்கும். அம்மலையின் பெயரால் குளிர்நீர்க்கடையும் பொம்மைத்தேரும் வந்துவிடும். இப்பொழுதெனில் அமைதியாக நின்று, இங்கே மூங்கில் எங்கே, பலா எங்கே, இரவலர் ஏறிவந்த வழி எங்கே என்று பிள்ளைகளைக் கேட்கலாம். அவர்கள் மறுவினா எழுப்பினால் விடை சொல்ல அப்பதினாறு பாட்டும் கையில் இருக்கட்டும்.

படம் எந்நாள் வரும் என்று அறிவிக்கப்படவில்லை. பாட்டுகள் பதினாறையும் ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். வரும் முழுநிலா நாளன்று மாலை ஆறு மணிக்கு இதே கூடத்தின் மாடி முற்றத்தில், 105 முதல் 120 வரை முறையாக ஓதிப் பொருள் கூறப்பெறும். 112ஆம் பாட்டை ஓதப் பள்ளி மாணவியர் இருவர் முன்வந்துள்ளனர். விளக்கை அணைத்துவிட்டு நிலவொளியிலேயே அதனை ஓத வேண்டுமென்று அவர்களே கேட்டுக்கொண்டனர். நூல் இல்லாதார் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு வருக.